தம் உடைக்கும் முன்பே முடிவு சொல்லும் மூளை

ஹைதராபாத் கச்சி பிரியாணி செய்கிறவருக்கு ஒரு வசதி கிடையாது. அடுப்பில் ஏற்றிய பிறகு உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்க முடியாது. தயிரும் பச்சைப் பப்பாளி விழுதும் மசாலாவும் பிசறி ஊறவைத்த பச்சைக் கறி அடியில் கிடக்கும். அதன்மேல் அரைவேக்காட்டில் வடித்த அரிசி, வறுத்த வெங்காயம், புதினா, குங்குமப்பூ கரைத்த பால். மூடியைப் போட்டு, விளிம்பைச் சுற்றிப் பிசைந்த மாவை ஒட்டிவிட்டால் தேக்சா மூடியதுதான். கீழே நெருப்பு, மூடியின்மேல் கங்கு. இனி தம் உடைக்கிற வரைக்கும் மாஸ்டர் கையில் இருப்பவை சில தடயங்கள் மட்டுமே. மாவின் விரிசலில் கசியும் ஆவியின் மணம். குனிந்து காது கொடுத்தால் உள்ளிருந்து வரும் சத்தம். தளதளவென்று கேட்டால் கறியில் இன்னும் நீர் இருக்கிறது. சடசடவென்று பொரிகிற சத்தம் வந்தால் நீர் வற்றி நெய்தான் மிச்சம். இவ்வளவை வைத்துக்கொண்டு, கண்ணால் பார்க்காத ஒன்றைப் பற்றி அவர் முடிவெடுக்கிறார்.

பழைய நகரத்துக் கல்யாண வீடுகளில் இப்படிச் சமைக்கிறவர்களை நான் வெகுநேரம் நின்று பார்த்திருக்கிறேன். எல்.எஸ்.டி., போதைக் காளான் போன்ற சைக்கடெலிக் பொருட்கள் மூளைக்குள் என்ன செய்கின்றன என்று யாராவது கேட்டால் எனக்கு அந்த அடுப்படிதான் கைகொடுக்கிறது. கேட்கிறவர்கள் பெரும்பாலும் மாதாப்பூரிலும் கச்சிபௌலியிலும் வேலை பார்க்கும் இளைஞர்கள். கூத்தடிக்க வேண்டும் என்பதற்காக அவர்கள் கேட்பதில்லை. கோபத்தைக் குறைக்க வேண்டும், அப்பா இறந்த துக்கத்திலிருந்து மீள வேண்டும், தன்னைப் பற்றிய தாழ்வான எண்ணத்தை விட வேண்டும் என்கிறார்கள். அமெரிக்காவில் இதைச் சிகிச்சையாகவே தருகிறார்களாமே என்கிறார்கள். நேர்மையான ஆசை அது. அதனால் ‘கெட்டது, தொடாதே’ என்ற ஒரு வரியோடு நிறுத்தாமல் முழுப் பதிலையும் சொல்லிவிட வேண்டும்.

மூளையும் உலகத்தை நேரடியாகப் பார்ப்பதில்லை. கண், காது, தோல், குடல் ஆகியவற்றிலிருந்து மின் துடிப்புகளாக வரும் தடயங்கள்தான் அதற்குக் கிடைக்கின்றன. அதனால் அது முதலில் ஊகிக்கிறது. பிறகு தடயங்களை அந்த ஊகத்தோடு ஒத்துப்பார்க்கிறது. பொருந்தினால் சரி, பொருந்தாவிட்டால், ஊகம் எவ்வளவு உறுதியானது என்பதைப் பொறுத்து ஒன்று ஊகத்தைத் திருத்தும், இல்லாவிட்டால் தடயத்தைத் தள்ளிவிடும். முப்பது வருடம் தம் போட்ட மாஸ்டர் ஒவ்வொரு சத்தத்துக்கும் குனிவதில்லை. அனுபவம் என்பதே அதுதான். இப்படி ஊகத்தை நம்பாவிட்டால் நம்மால் தெருவைக் கூடக் கடக்க முடியாது.

ஊகம் இறுகிப்போனால்தான் சிக்கல். ஒருமுறை அடிபிடித்துப் போய்ப் பந்தியில் அவமானப்பட்ட மாஸ்டரை நினைத்துப் பாருங்கள். அன்றிலிருந்து வறுத்த வெங்காயத்தின் மணம்கூட அவர் மூக்கில் தீய்ந்த வாடையாகவே ஏறுகிறது. பதறிப்போய்ச் சீக்கிரமே தம்மை உடைக்கிறார். கறி வேகவில்லை. ‘பார்த்தாயா, எனக்குக் கைப்பக்குவம் போய்விட்டது’ என்கிறார். அவருடைய தப்பான ஊகமே தனக்கான சாட்சியைத் தயாரித்துக்கொள்கிறது. நீண்டகால மனச்சோர்வில் இருப்பவரின் ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்ற எண்ணம் இப்படித்தான் உயிர்வாழ்கிறது. குடியை விட முடியாதவரின் ‘ஒரு கிளாஸ் இல்லாமல் தூக்கம் வராது’ என்பதும் அதே ரகம். யார் என்ன நல்ல வார்த்தை சொன்னாலும் அது தடயமாகவே ஏறாது.

இங்கேதான் மருந்து நுழைகிறது. காளானில் இருக்கும் சைலோசைபின் உடலுக்குள் போனதும் அதிலுள்ள பாஸ்பேட் கழன்று சைலோசின் ஆகிறது. வேலை செய்வது இந்தச் சைலோசின்தான். செரட்டோனினுக்காக நரம்பணுக்களில் அமைந்திருக்கும் ஏற்பிகளில் 2ஏ என்ற வகையில் போய் அது ஒட்டிக்கொள்கிறது. எல்.எஸ்.டி.யும் அங்கேதான் ஒட்டுகிறது. இந்த ஏற்பிகள் நெருக்கமாக இருக்கும் இடம் மூளைப் புறணியின் உயர்மட்டப் பகுதிகள், அதாவது தடயங்களைத் தொகுத்து ‘இது இன்னது’ என்று முடிவு சொல்லும் பகுதிகள். தடயங்களைக் கொண்டுவரும் ஆட்களை மருந்து குறிவைப்பதில்லை, மாஸ்டரையே குறிவைக்கிறது.

2012-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ராபின் கார்ஹார்ட்-ஹாரிஸும் டேவிட் நட்டும் 30 பேருக்குச் சைலோசைபினை ஊசியில் செலுத்தி மூளையை ஸ்கேன் செய்தார்கள். மூளை கொதித்துப் பொங்கும் என்று எதிர்பார்த்த இடத்தில், சில மையப் பகுதிகளில் ரத்த ஓட்டம் குறைந்திருந்தது. அவை ‘டிஃபால்ட் மோட் நெட்வொர்க்’ என்ற வலையமைப்பின் முக்கியக் கணுக்கள். சும்மா இருக்கும்போது தன்னைப் பற்றி, நேற்றைப் பற்றி, நாளையைப் பற்றி ஓயாமல் கதை ஓட்டிக்கொண்டிருக்கும் வலையமைப்பு அது. 2014-இல் வேறொரு ஆய்வுக்குழு அதே போன்ற ஸ்கேன்களைக் கணிதமுறையில் அலசி, வழக்கமாக ஒன்றோடொன்று பேசாத மூளைப் பகுதிகள் அப்போது பேசிக்கொள்வதைக் கண்டது. மாஸ்டரின் அதட்டல் அடங்கியதும், வெங்காயம் வறுப்பவரும் அரிசி வடிப்பவரும் அவரைக் கேட்காமல் தங்களுக்குள் பேசத் தொடங்குகிறார்கள். இசை நிறமாகத் தெரிவதும், பல வருடப் பழைய நினைவு சம்பந்தமே இல்லாத இடத்தில் எழுவதும் இந்தப் பேச்சால்தான். 2019-இல் கார்ஹார்ட்-ஹாரிஸ், நரம்பியல் அறிஞர் கார்ல் ஃபிரிஸ்டனோடு சேர்ந்து இதையெல்லாம் ஒரு கோட்பாடாக எழுதினார். சைக்கடெலிக் பொருட்கள் ஊகத்தின் உறுதியைத் தளர்த்துகின்றன, அதனால் கீழிருந்து வரும் தடயங்கள் மேலேறுகின்றன என்பது அதன் சாரம். இது இன்னும் விவாதத்தில் இருக்கும் கோட்பாடுதான். ஆனாலும் இதுவரை கிடைத்த ஸ்கேன்களோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறது.

இந்தத் தளர்ச்சி எவ்வளவு நேரம்? சைலோசைபினுக்குச் சுமார் ஆறு மணி நேரம். எல்.எஸ்.டி.க்கு அரைநாள் வரைக்கும் நீளும். ஏன் இந்த வித்தியாசம் என்பதற்கு 2017-இல் வட கரோலினாவில் பிரையன் ராத்தின் ஆய்வகம் விடை கண்டது. எல்.எஸ்.டி. மூலக்கூறு ஏற்பிக்குள் போய் உட்கார்ந்ததும், ஏற்பியின் ஒரு பகுதி மடங்கி அதன்மேல் மூடிபோல் கவிந்துகொள்கிறது. மூலக்கூறு சீக்கிரம் வெளியேற முடிவதில்லை. வேண்டாம் என்று பாதியில் முடிவெடுப்பவருக்குத் தம்மை உடைக்கும் வழி கிடையாது. மணிக்கணக்கில் அது அப்படியேதான் நடக்கும்.

சரி, ஊகம் தளர்ந்தால் நல்லதுதானே? பதில், அப்போது பக்கத்தில் என்ன இருக்கிறது, யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ராலண்ட் கிரிஃபித்ஸ் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். சுயமுன்னேற்றம் பற்றிக் கேட்பவர்கள் முதலில் படிக்க வேண்டியது இதைத்தான். ஏனென்றால் அதில் கலந்துகொண்ட 36 பேரும் நோயாளிகள் அல்ல. பிரார்த்தனை, தியானம் என்று ஏதோ ஒன்றில் ஈடுபாடு கொண்ட ஆரோக்கியமான மனிதர்கள். ஆய்வுக்கூடம் ஒரு வரவேற்பறை மாதிரி இருந்தது. சோபா, மங்கிய விளக்கு. கண்ணுக்குத் துணி, காதுக்கு ஹெட்போன், தேர்ந்தெடுத்த இசை. முன்பே பலமுறை சந்தித்துப் பழகிய வழிகாட்டி நாள் முழுக்கப் பக்கத்திலேயே இருப்பார், அதிகம் பேசமாட்டார், தேவைப்பட்டால் கையைப் பிடித்துக்கொள்வார். இரண்டு மாதம் கழித்துக் கேட்டபோது மூன்றில் இரண்டு பங்குப் பேர், தங்கள் வாழ்க்கையின் மிக அர்த்தமுள்ள ஐந்து அனுபவங்களில் இதுவும் ஒன்று என்றார்கள். பிள்ளை பிறந்ததோடும் பெற்றோரை இழந்ததோடும் அதை ஒப்பிட்டவர்கள் உண்டு. வாட்ஸ்ஆப்பில் சுற்றுவது இந்தப் பாதிதான். மறுபாதி இது: அதே அறையில், அத்தனை பாதுகாப்போடும், சுமார் மூன்றில் ஒருவர் கடும் பயத்தை அனுபவித்தார். அந்தப் பயம் விபரீதமாகப் போகாததற்குக் காரணம் பக்கத்தில் இருந்த அந்தக் கை.

மெக்ஸிகோவின் ஊவாட்லா ஊரில் மரியா சபீனா என்ற மருத்துவச்சி காளானைக் கொடுத்ததும் இரவுச் சடங்குக்குள், பாட்டும் பிரார்த்தனையுமாக, நோயாளியின் குடும்பத்தார் சூழ இருக்கும்போதுதான். 1955-இல் அங்கே போன அமெரிக்க வங்கியாளர் கார்டன் வாசன் 1957-இல் ‘லைஃப்’ இதழில் எழுதியபின் காளான் மட்டும் உலகம் சுற்றியது. சடங்கு அங்கேயே நின்றுவிட்டது.

எனக்கு மிகவும் கவலை தருகிற விஷயம் அடுத்தது. மாஸ்டரின் உறுதி தளர்ந்திருக்கும் அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்கும் ஒருவர் ‘வெந்துவிட்டது’ என்று அடித்துச் சொன்னால் அவர் நம்பிவிடுவார். எல்.எஸ்.டி. எடுத்தவர்கள் பிறர் சொல்வதை வழக்கத்தைவிட எளிதில் ஏற்கிறார்கள் என்று 2015-இல் இம்பீரியல் குழு காட்டியது. அந்தச் சில மணி நேரத்தில் தோன்றும் எண்ணம் எதுவானாலும், சரியோ தப்போ, மாபெரும் உண்மையின் கனத்தோடு வந்து இறங்குகிறது. ‘அம்மாவை மன்னித்துவிட வேண்டும்’ என்பதும் அப்படியே வரும். ‘வேலையை விட்டுவிட்டு இந்தக் குருவின் பின்னால் போ’ என்பதும் அப்படியே வரும். ஆகவே வழிகாட்டி யார் என்பது மருந்தின் அளவைவிட முக்கியம். தேர்ந்த மருத்துவர்கள் மத்தியிலேயே இதில் கறை படிந்திருக்கிறது. எம்.டி.எம்.ஏ. என்ற இன்னொரு போதைப் பொருளைக் கொண்டு நடந்த சிகிச்சை ஆய்வு ஒன்றில் நோயாளியிடம் சிகிச்சையாளர்கள் முறைகேடாக நடந்துகொண்டது வெளிவந்தது. 2024 ஆகஸ்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்தச் சிகிச்சைக்கு அனுமதி மறுத்தது; அதே மாதம் ‘சைக்கோஃபார்மகாலஜி’ இதழ் அது தொடர்பான மூன்று ஆய்வுக் கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. மேற்பார்வை, கேமரா என்று எல்லாம் இருந்த இடத்தின் கதை இது. ஊருக்கு வெளியே பண்ணை வீட்டில் இரண்டு நாள் ‘உள்மனப் பயணம்’ நடத்துகிறவரைத் தட்டிக்கேட்க யாருமே இல்லை.

நோயைக் குணப்படுத்தும் விஷயத்தில் நம்பிக்கை இல்லாமல் இல்லை. பல மருந்துக்கும் கேட்காத மனச்சோர்வு உள்ள 233 பேரிடம் நடத்திய ஆய்வு 2022-இல் வெளியானது. ஒரே ஒருமுறை 25 மில்லிகிராம் சைலோசைபின் பெற்றவர்களில் 37 சதவீதம் பேருக்கு மூன்றாம் வாரத்தில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. பேருக்கு 1 மில்லிகிராம் பெற்றவர்களில் அது 18 சதவீதம். பன்னிரண்டாம் வாரம் வரை அது நிலைத்தது 25 மில்லிகிராம் பெற்றவர்களில் 20 சதவீதம் பேருக்குத்தான். தற்கொலை எண்ணம் தலைதூக்கியவர்களும் அந்த ஆய்வில் இருந்தார்கள். ஆஸ்திரேலியா 2023 ஜூலை முதல், அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் இத்தகைய மனச்சோர்வுக்குச் சைலோசைபினைத் தரலாம் என்று விட்டிருக்கிறது. குடும்பத்தில் மனச்சிதைவோ இருதுருவ நோயோ இருப்பவர்களை இத்தகைய ஆய்வுகளில் பொதுவாக வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். லித்தியம் சாப்பிடுகிறவர்களுக்கு இவற்றால் வலிப்பு வந்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன.

முன்னேற்றம் ஏன் கரைந்துவிடுகிறது? ஊகத்தைத் தளர்த்துவது ஒரு வேலை. புதிய ஊகத்தைப் பழக்குவது இன்னொரு வேலை, அதை எந்த மருந்தும் செய்வதில்லை. 2023-இல் குல் டோலன் என்ற அறிஞர் எலிகளில் கண்டது இதற்குப் பொருத்தமானது. வளர்ந்த எலிகளில் மூடிப்போயிருந்த சமூகப் பழக்கம் கற்கும் பருவம் சைலோசைபினுக்குப் பிறகு இரண்டு வாரமும் எல்.எஸ்.டி.க்குப் பிறகு மூன்று வாரமும் திறந்திருந்தது. மனிதர்களிலும் 2024-இல் வெளியான ஸ்கேன் ஆய்வு, நினைவுக்கான ஹிப்போகாம்பஸுக்கும் டிஃபால்ட் மோட் வலையமைப்புக்கும் இடையிலான இணைப்பு சில வாரங்கள் தளர்ந்தே இருப்பதைக் காட்டியது. அந்த வாரங்களில் மாஸ்டர் தினமும் அடுப்படியில் நின்று, தடயத்தையும் தம் உடைத்தபின் கண்ட பதத்தையும் ஒத்துப்பார்த்துக் கையைப் பழக்கினால் புதிய பக்குவம் படியும். சும்மா இருந்தால் பழையதே திரும்பிவந்து உட்காரும். நல்ல ஆய்வுகளில் அனுபவம் நடக்கும் நாளைவிட அதற்குப் பிந்திய உரையாடல்களுக்கு அவ்வளவு கவனம் தருவது இதனால்தான். ஹார்வர்டில் இந்தப் பொருட்களை ஆராய்ந்து 1963-இல் வேலை இழந்த ரிச்சர்ட் ஆல்பர்ட், எத்தனை உயரம் போனாலும் திரும்ப இறங்கிவிட வேண்டியிருக்கிறதே என்று அலுத்துத்தான் 1967-இல் இந்தியாவுக்கு வந்தார். நீம் கரோலி பாபாவிடம் சேர்ந்து ராம் தாஸ் ஆனார்.

இனி ஹைதராபாத் தெருவுக்கு வருவோம். இங்கே கிடைப்பது தளர்த்தும் பொருள் மட்டும். பரிசோதிக்கும் மருத்துவர், பழகிய வழிகாட்டி, அறை, பிந்திய வாரங்கள் எதுவும் அதோடு வருவதில்லை. பொருளுமே அதுதானா என்று தெரியாது. எல்.எஸ்.டி. என்ற பேரில் விற்கும் சுண்டுவிரல் நகத்தளவுத் தாளில் என்.பி.ஓ.எம்.இ. வகை ரசாயனம் இருந்து உயிர் போன நிகழ்வுகள் உலகில் பல. கொடைக்கானலில் ‘போதைக் காளான்’ தேடிப் போகிறவர்கள் பறிப்பது எந்தக் காளான் என்பதற்கும் விற்பவர் வாக்கைத் தவிர உத்தரவாதம் இல்லை.

சட்டமும் கறார். 2017 ஜூலையில் தெலங்கானா கலால் துறை எல்.எஸ்.டி. தாள்களைப் பிடித்தபோது விசாரணை தெலுங்குத் திரையுலகம் வரை போனது நினைவிருக்கும். 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி 0.1 கிராம் எல்.எஸ்.டி.யே வணிக அளவு. தண்டனை 10 முதல் 20 ஆண்டு. தாளின் எடையையும் சேர்த்துக் கணக்கிடுவதா என்று நீதிமன்றங்களில் வாதம் நடந்திருக்கிறது. காளானில் முழு எடையைப் பார்க்கக் கூடாது, அதிலுள்ள சைலோசைபின் அளவையே பார்க்க வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொன்னது. அது எடை பற்றிய தீர்ப்பு. சைலோசைபின் தடைசெய்யப்பட்ட பொருளாகவே நீடிக்கிறது.

‘கொஞ்சூண்டு எடுத்தால் போதும், போதையே ஏறாது, வேலையில் கவனம் கூடும்’ என்று இன்னொரு பேச்சு ஐ.டி. வட்டாரத்தில் உண்டு. 2021-இல் இம்பீரியல் குழு 191 பேரை வைத்து இதைச் சோதித்தது. எந்த மாத்திரைக் கூட்டில் மருந்து, எது வெறும் கூடு என்று எடுப்பவருக்கே தெரியாதபடி ஏற்பாடு. பல வாரத்துக்குப் பின் இரு தரப்பாருக்கும் மனநலம் ஒரே அளவுதான் கூடியிருந்தது. மருந்து எடுத்ததாக நம்பியவர்கள், எடுத்தது வெறும் கூடாக இருந்தாலும் பலன் கண்டார்கள். ஊகமே ருசியைக் கொடுத்துவிட்டது.

அப்படியானால் அந்த இளைஞர்களுக்கு நான் சொல்வது என்ன? ஊகத்தின் பிடியைத் தளர்த்த வேறு வழியும் இருக்கிறது, அதுவும் இந்த ஊரிலேயே. அனுபவமுள்ள தியானிகளிடம் அதே டிஃபால்ட் மோட் வலையமைப்பு அடங்கியிருப்பதை 2011-இல் யேல் பல்கலைக்கழகம் கண்டது. நாகார்ஜுன சாகர் சாலையில் 1976 முதல் நடக்கும் தம்ம கேத்த விபாசனா மையத்தில் பத்து நாள் மௌனம், விடிகாலை நாலு மணிக்கு மணி அடிக்கும், கட்டணம் இல்லை. ஆவி கசிகிறதா என்று குனிந்து பார்க்கிற அதே வேலையைத்தான் அங்கே மூச்சோடு செய்யச் சொல்கிறார்கள். நகருக்கு வெளியே கான்ஹா சாந்தி வனம் என்ற தியான மையமும் இருக்கிறது. இவற்றில் பலன் மெதுவாகத்தான் வரும், ஆனால் விரும்பியபோது எழுந்துவிடலாம். மனநோய் வரலாறு உள்ளவர்கள் நீண்ட மௌனப் பயிற்சிக்குப் போகும்முன்பும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். உண்மையான மனச்சோர்வு என்றால் மனநல மருத்துவரிடமே போக வேண்டும். மருந்துக்கு வசப்படாதவர்களுக்குக் கெட்டமினை மருத்துவமனையில் கண்காணிப்போடு தரும் மருத்துவர்கள் இந்தியாவில் இருக்கிறார்கள். அது வேறு ஏற்பியில் வேலை செய்யும் மயக்க மருந்து.

ஏற்கெனவே எதையோ சாப்பிட்டுவிட்டு ஒருவர் வீட்டில் தவிக்கிறார் என்றால் அந்த நேரத்தில் திட்டவோ வாதாடவோ வேண்டாம். நாம் சொல்லும் எதுவும் பல மடங்காக உள்ளே இறங்கும். விளக்கைக் குறைத்து, கூட்டத்தைக் கலைத்து, அவருக்குப் பிடித்த ஒருவர் மட்டும் கூட இருக்கட்டும். பால்கனி, மாடிப்படி, வண்டிச் சாவி இவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். துண்டை மடிப்பது, தண்ணீர் டம்ளரைக் கையில் பிடித்திருப்பது போன்ற சின்ன வேலை கொடுக்கலாம். எளிய வேலையில் கவனம் வைக்கும்போது மூளையின் கலக்கம் குறைவதை முன்பு சொன்ன 2024 ஸ்கேன் ஆய்வும் பார்த்தது. வலிப்பு, நெஞ்சுவலி, கொதிக்கும் உடம்பு, நினைவு தப்புதல் இவற்றில் எது வந்தாலும் 108-ஐ அழையுங்கள். என்ன சாப்பிட்டார் என்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். நாட்கள் போன பிறகும் தூக்கம் வராமல், குரல் கேட்கிறது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்று சொன்னால் தாமதிக்கக் கூடாது. எர்ரகட்டாவில் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. அரசின் மனநல உதவிச் சேவையான டெலி-மானஸின் 14416 எண்ணில் இரவு பகல் எந்நேரமும் ஆள் இருப்பார்கள். தெலுங்கிலும் பேசலாம், தமிழிலும் பேசலாம்.